ஏரியைச் சுற்றும் சைக்கிள்கள்: கண்ணில் படாத கழிவை எப்படிப் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. ஏரிக்கரை மேட்டில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. சிலருடைய முதுகில் வாசகம் எழுதிய அட்டை தொங்குகிறது. சிலருடைய பையில் சோதனைப் புட்டிகளும் பேனா அளவிலான மின் கருவிகளும் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். ஹைதராபாத், பெங்களூரு போன்ற இந்திய நகரங்களில் ஏரிகளைக் காக்க மக்கள் இப்படிச் சைக்கிளில் கூடுவது பழகிய காட்சியாகிவிட்டது.

சைக்கிள் ஓட்டினால் ஏரி சுத்தமாகிவிடுமா? ஆகாது. ஒரு மில்லிகிராம் கழிவுகூட அதனால் குறையாது. ஆனால் அந்த ஊர்வலத்துக்குள் வேதியியலும் உயிரியலும் கொஞ்சம் கணிதமும் ஒளிந்திருக்கின்றன. ஹைதராபாத்தின் ஏரிகளை எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம். அந்த ஏரிகளில் கலந்த கழிவு உலகின் எந்த மூலையில் இருப்பவரையும், நம்மையும், பாதிக்கக்கூடியது.

சங்கிலியாகக் கோத்த ஏரிகள்

ஹைதராபாத் ஒரு பாறைப் பீடபூமியின் மேல் அமைந்த நகரம். அங்கே பெரும்பாலான ஏரிகள் தாமாக உண்டானவை அல்ல. மழைநீரைத் தேக்க மனிதர்கள் கரை எழுப்பி உருவாக்கியவை. நகரின் நடுவே உள்ள ஹுசேன் சாகர் 16-ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாஹி மன்னர் ஆட்சியில் வெட்டப்பட்டது. தெலுங்கில் ஏரியைச் ‘செருவு’ என்பார்கள். நகரின் வடமேற்கே உள்ள தொழிற்பேட்டைக்குப் பெயர் பட்டான்செரு. அந்தப் பெயரின் பின்பாதியிலேயே ஏரி இருக்கிறது.

இந்த ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேட்டில் உள்ள ஏரி நிரம்பினால் உபரி நீர் வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். தமிழ்நாட்டின் பழைய ஏரிகளும் இப்படித்தான் அமைக்கப்பட்டன. மழை குறைந்த நிலத்தில் ஒரு சொட்டு நீரையும் வீணாக்காத அருமையான ஏற்பாடு இது.

இதே ஏற்பாடு நஞ்சையும் சுமந்து செல்லும் என்பதுதான் சிக்கல். மேல் ஏரியில் கொட்டிய கழிவு அடுத்த மழையில் கீழ் ஏரிக்குப் போய்விடும். பட்டான்செருவிலிருந்து வரும் நீர் இசுக்கவாகு என்ற ஓடையில் இறங்கி, நக்கவாகுவில் கலந்து, மஞ்சிரா ஆற்றை அடைகிறது. மஞ்சிரா கோதாவரியில் சேர்கிறது.

ஏன் கொட்டுகிறார்கள்?

1970-களிலிருந்து பட்டான்செரு, பொல்லாரம், காஜிப்பள்ளி வட்டாரங்களில் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் பல, மாத்திரைக்குள் இருக்கும் மூலமருந்தைத் தயாரிப்பவை. ஹைதராபாத் இன்று உலகின் பெரிய மருந்து உற்பத்தி மையங்களில் ஒன்று.

மூலமருந்து தயாரிக்கும்போது கரைப்பான்களும் உப்புகளும் மருந்தின் மிச்சமும் கலந்த கழிவுநீர் வெளியாகிறது. சாதாரண வீட்டுக் கழிவுநீரைப் பாக்டீரியாக்களை வைத்தே சுத்தம் செய்யலாம். அவை அழுக்கை உணவாக உண்டுவிடும். உப்பு மிகுந்த மருந்துக் கழிவில் அந்தப் பாக்டீரியாக்களே பிழைப்பது கடினம். அதனால் நீரைக் காய்ச்சி ஆவியாக்கி உப்பைத் தனியே பிரிக்க வேண்டும். நீரைக் காய்ச்ச எவ்வளவு வெப்பம் தேவை என்று இயற்பியல் பாடத்தில் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான லிட்டரைத் தினமும் காய்ச்சுவதற்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

பொறுப்புள்ள தொழிற்சாலை அந்தச் செலவை ஏற்கிறது. பொறுப்பில்லாதவர்களுக்கோ இருட்டில் வரும் ஒரு டேங்கர் லோரி மலிவாகத் தெரிகிறது. மழை கொட்டும் இரவு அவர்களுக்கு இன்னும் வசதி. கழிவு வெள்ளத்தோடு கலந்து நீர்த்துப்போய், காலையில் தடயம் மங்கிவிடும்.

மீன்கள் முதலில் சொல்லும்

ஏரி நோய்வாய்ப்பட்டதை ஊருக்கு முதலில் அறிவிப்பவை பெரும்பாலும் மீன்கள்தாம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் உயிர்வளி (ஆக்சிஜன்) இருக்கிறது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரையக்கூடிய உயிர்வளி வெறும் 7.5 மில்லிகிராம். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதைவிட 30 மடங்குக்கும் மேல் குறைவு! அந்தச் சொற்பத்தை வைத்துத்தான் மீன் வாழ்கிறது. அது 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும்.

அழுகக்கூடிய கழிவு நீரில் கலந்தால் பாக்டீரியாக்கள் பெருகி, அதை உண்ணும்போது உயிர்வளியையும் தீர்த்துவிடும். அவை எவ்வளவு உயிர்வளியைச் செலவழிக்கின்றன என்பதை ஐந்து நாள் சோதனையில் அளப்பார்கள். அதுவே உயிரியல் உயிர்வளித் தேவை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மெத்திலீன் நீலக் கரைசலை வைத்து இதன் எளிய வடிவத்தைச் செய்து பார்ப்பதுண்டு. நீல நிறம் எவ்வளவு விரைவாக மறைகிறதோ அவ்வளவு விரைவாக உயிர்வளி தீர்கிறது. அதாவது நீர் அவ்வளவு மாசடைந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த ஏரி நீரில் இதே சோதனையைச் செய்தால் என்ன ஆகும்?

சற்று யோசித்துவிட்டு மேலே படியுங்கள். சோதனை, உயிருள்ள பாக்டீரியாக்களை நம்பியிருக்கிறது. மருந்து அவற்றைக் கொன்றுவிட்டாலோ முடக்கிவிட்டாலோ உயிர்வளியைச் செலவழிக்க ஆளில்லை. நீல நிறம் நெடுநேரம் நீடிக்கும். நச்சு நீர் “நான் சுத்தமானவன்” என்று பொய் சொல்லும்!

இதனால்தான் வேதியியல் உயிர்வளித் தேவை என்ற இன்னொரு சோதனையும் இருக்கிறது. பாக்டீரியாவுக்குப் பதிலாக வலிமையான வேதிப்பொருளால் கழிவை ஆக்சிஜனேற்றம் செய்து அளப்பார்கள். வேதியியல் அளவு மிக அதிகமாகவும் உயிரியல் அளவு மிகக் குறைவாகவும் வந்தால், நீரில் எளிதில் சிதையாத பொருளோ நுண்ணுயிர்களைக் கொல்லும் பொருளோ இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு 90,000 மாத்திரைகள்

பட்டான்செருவில் ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொது நிலையம் ஒன்று இருந்தது. அது வெளியேற்றிய, சுத்திகரிக்கப்பட்ட நீரைச் சுவீடன் ஆய்வாளர் யோகிம் லார்சன் குழுவினர் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். சிப்ரோபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது.

இப்போது ஒரு சிறு கணக்கு. நிலையம் ஒரு நாளில் வெளியேற்றிய நீர் சுமார் 15 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்துப் பெருக்கினால் 45 கிலோகிராம் மருந்து கிடைக்கும். 500 மில்லிகிராம் மாத்திரைகளாக்கினால் 90,000 மாத்திரைகள். ஒவ்வொரு நாளும் ஓடையில்!

2009-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு இன்னும் கவலை தந்தது. அந்த நிலையத்தின் நீர் போகாத ஏரிகளிலும் மருந்து இருந்தது. ஓர் ஏரியில் சிப்ரோபிளாக்சசின் லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் வரை காணப்பட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணறுகளிலும் மருந்துகளின் சுவடு தெரிந்தது. குழாய் வழியே வராத மருந்து ஏரிக்கு எப்படி வந்தது? யாரோ வேறு வழியில் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம்.

2016-இன் இறுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்தில் 28 இடங்களில் நீர் எடுத்தார்கள். ஓரிடத்தில் ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 237 மில்லிகிராம் அளவில் இருந்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு வில்லையில் இருப்பதே பெரும்பாலும் 150 மில்லிகிராம்தான்.

ஏரியே பயிற்சிக்கூடமானால்

மருந்து நோயைத் தீர்ப்பதுதானே, ஏரியில் இருந்தால் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம்.

சிப்ரோபிளாக்சசின், பாக்டீரியாவின் மரபணு இழையிலுள்ள முறுக்கைத் தளர்த்தும் ஒரு நொதியை முடக்குகிறது. அந்த நொதி இல்லாமல் பாக்டீரியாவால் பெருக முடியாது. ஆனால் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஏதோ ஒன்றில், தற்செயலான மரபணு மாற்றத்தால், நொதியின் வடிவம் சற்று மாறியிருக்கலாம். மருந்து அதைப் பிடிக்க முடியாது. மற்றவை சாக, அது மட்டும் பிழைக்கும். உணவும் இடமும் இப்போது அதற்கே சொந்தம்.

வசதியான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பத்து மணி நேரத்தில் 30 தலைமுறைகள். ஒன்று, 107 கோடிக்கு மேல் ஆகிவிடும். போதாதென்று, பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையங்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வகுப்பில் ஒருவர் கண்டுபிடித்த விடை அடுத்த வகுப்புக்கும் பரவுவதைப்போல மருந்தை வெல்லும் வித்தை பரவுகிறது.

இதற்கு அதிக மருந்தும் தேவையில்லை. சிப்ரோபிளாக்சசின் லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் இருப்பது பாதுகாப்பு என்று ஆய்வாளர்கள் 2016-இல் மதிப்பிட்டார்கள். பட்டான்செருவில் கண்ட 31 மில்லிகிராம் என்பது அதைப்போல ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம் மடங்கு. காஜிப்பள்ளி ஏரியைப் பற்றி 2014-இல் வெளியான ஆய்வு, மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் அங்கே ஒரு சுவீடன் ஏரியில் இருப்பதைப்போல் சுமார் 7,000 மடங்கு இருப்பதாகக் கண்டது.

பாக்டீரியாவுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. பயணிகளின் குடலிலும் உணவிலும் நீரிலும் அது எல்லை தாண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. நமக்குத் தொண்டை வலிக்கும்போதோ அறுவை சிகிச்சை நடக்கும்போதோ மருந்து வேலை செய்ய வேண்டும் என்றால், எங்கோ இருக்கும் ஓர் ஏரி சுத்தமாக இருக்க வேண்டும்.

சைக்கிள் எங்கே வருகிறது?

பட்டான்செரு மக்கள் சும்மா இருக்கவில்லை. உழவர்களும் மீனவர்களும் பல பத்தாண்டுகளாகப் போராடினார்கள். அவ்வூரில் மருத்துவராக இருந்த கிஷன் ராவ் இந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர். 1990-இல் வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றத்தில் கண்ணீர் மட்டும் போதாது; சான்று வேண்டும். எந்த இடத்தில், எந்த நாளில், எவ்வளவு என்று சொல்ல வேண்டும்.

கழிவு இருட்டில் வந்து சில நாளில் கரைந்து போகிறது என்பதுதான் சான்றுக்குப் பெரிய தடை. ஒரு கணக்கைப் பாருங்கள். பத்து நாளில் ஒரு நாள்தான் கழிவின் தடயம் நீரில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அதிகாரி அதைக் காணும் வாய்ப்பு 10 விழுக்காடு. மாதம் ஒருமுறை சென்றால், பன்னிரண்டு முறையும் தவறவிடும் வாய்ப்பு 0.9-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது, அதாவது 28 விழுக்காடு. ஒருமுறையாவது பிடிபடும் வாய்ப்பு 72 விழுக்காடு. வாரம் ஒருமுறை சென்றாலோ 99 விழுக்காட்டுக்கும் மேல்! விலை உயர்ந்த கருவியோடு ஒருமுறை வருபவரைவிட, எளிய கருவியோடு தவறாமல் வருபவருக்கே வெற்றி வாய்ப்பு அதிகம்.

அப்படித் தவறாமல் வருவதற்குச் சைக்கிள் ஏற்ற வாகனம். கார் போக முடியாத கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் போகும். கண்ணாடிக்குள் அடைபட்டிருக்காததால் மூக்குக்கும் வேலை உண்டு. கரைப்பானின் காட்டமான வாடையைக் காருக்குள் இருப்பவர் கவனிக்காமல் கடந்துவிடுவார். கூட்டமாகச் சென்றால் பாதுகாப்பும் கூடும், பார்ப்பவரின் கவனமும் திரும்பும். 1992-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சைக்கிள் ஊர்வலங்களுக்கு ‘கிரிட்டிக்கல் மாஸ்’ என்று பெயர் வந்தது இதனால்தான். சீனாவின் சாலைச் சந்திப்புகளில் சைக்கிளோட்டிகள் போதிய எண்ணிக்கை சேரும்வரை காத்திருந்து, பிறகு ஒன்றாகக் கடப்பார்கள். அணுக்கருத் தொடர்வினைக்கும் குறைந்தபட்ச நிறை தேவை என்பதை நீங்கள் அறிவீர்கள். மக்கள் குரலுக்கும் அது பொருந்தும்.

என்ன அளக்கலாம்?

எளிய கருவிகளே நிறையச் சொல்லும். மின்கடத்துத்திறன் மானி, கரைந்துள்ள உப்பின் அளவை உடனே காட்டும். குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தரநிலை. கடல் நீரில் அது சுமார் 35,000. கடலே இல்லாத ஓர் ஊரின் ஏரியில் அந்த எண் திடீரென்று பல ஆயிரத்துக்கு ஏறினால் ஏதோ கலந்திருக்கிறது. அமிலக் காரத் தன்மையையும் கரைந்த உயிர்வளியையும் கூடவே அளக்கலாம்.

சில ஒழுங்குகள் முக்கியம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். பாசி பகலில் ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியைக் கூட்டும். இரவில் சுவாசித்துக் குறைக்கும். எனவே விடியற்காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் அளந்தால் மாசு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். உயிர்வளி குறைந்திருக்கிறது என்பதற்காக உடனே தொழிற்சாலையைக் குற்றம் சாட்டவும் கூடாது. வீட்டுக் கழிவுநீராலும் அது குறையும். நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் உப்பளவையும் சேர்த்துப் பார்த்தே சொல்ல வேண்டும். இந்த எண்கள் தீர்ப்பு அல்ல. எங்கே, எப்போது முழுமையான ஆய்வு தேவை என்று அதிகாரிகளுக்குக் காட்டும் விரல் மட்டுமே. அறியாத கழிவைத் தொடாமலும் நெருங்கிச் சென்று முகராமலும் இருப்பது முதல் விதி.

நம் பக்கத்தில்

இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ வேதிக்கழிவைக் கொட்டினார்கள். கிளம்பிய ஆவியால் அருகிலிருந்த பள்ளி மாணவர்கள் மூச்சுத் திணறினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. மலேசியா 2024-இல் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி, அதிகபட்ச அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது.

இந்தியாவில் 2020-இல் வெளியான ஒரு வரைவு விதி, மருந்துத் தொழிற்சாலைக் கழிவில் நுண்ணுயிர்க்கொல்லி எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு விதித்தது. 2021-இல் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் இல்லை. 2024 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென்று முதல் வழிகாட்டியை வெளியிட்டது. அது சட்டம் அல்ல. நாடுகள் ஏற்றுக்கொண்டால்தான் பலன்.

வரம்பு எழுதப்படாத பொருளை அதிகாரி அளக்க மாட்டார். அளக்காத பொருளைப் பற்றி யாரிடமும் கேள்வி கேட்க முடியாது. ஆகவேதான் ஏரிக்கரையில் சிலர் ஞாயிறுதோறும் சைக்கிளை நிறுத்தி, ஒரு குறிப்பேட்டில் தேதியையும் நேரத்தையும் நான்கு எண்களையும் எழுதுகிறார்கள். உங்கள் வீட்டருகே ஓடும் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் அப்படி ஒரு குறிப்பேடு இருக்கிறதா? இல்லையென்றால், அறிவியல் ஆசிரியரின் துணையோடு அடுத்த வாரமே அதன் முதல் பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.